ஐஸ் வைத்து வளர்த்த காலா லில்லி

1

குன்னூரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். சாக்கடையை அடைக்கிறது என்று நீங்கள் மண்வெட்டியால் கொத்தி எறிகிற அந்த வெள்ளைப் பூவை நான் மலாக்காவில் ஐஸ் வைத்து வளர்க்கிறேன். ஆமாம், குடிக்கிற தண்ணீரில் போடுகிற அதே ஐஸ்தான். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே என் புகுந்த வீட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நேற்றுக் காலையில் மூன்றாவது பூ விரிந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இதே செடிக்காக ஆறு மாதத்துக்கு முன்னால் அரசாங்க அலுவலகம் வரைக்கும் போய் நான் வாதாட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் ஆறாது என்பதால் எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு, பாவம், ஊர் நினைப்பில் செடி வளர்க்கிறாள் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். ஊரில் இந்தச் செடி பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் முளைத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். அதைப் பற்றி எனக்கு எந்தக் கனவும் கிடையாது. பேர்கூடத் தெரியாது. காலா லில்லி என்ற பெயரையே கேமரன் மலையில் ஒரு நாற்றுக் கடையில் சொருகியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கையில் இருப்பது இன்னும் சிவப்பு ஐசி. இந்த நாட்டில் குடியிருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று சொல்கிற அடையாள அட்டை அது. என் பெயர் சாந்தா. பெயரை வைத்துக் கேலி செய்யாத ஆளே இந்தக் குடும்பத்தில் இல்லை.

2

என் வீட்டுக்காரர் பிறந்தது ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவருடைய அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் பால்மரம் வெட்டியவர்கள். அவர் மட்டும் லோரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். மலாக்காவில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு லோரி ஓட்டுகிறார். மீன் பாசாருக்கும் காப்பிக் கடைகளுக்கும் ஐஸ் பாளம் இறக்குவது வேலை. நாங்கள் இருப்பது டவுனுக்கு வெளியே, தாமான் என்று சொல்கிற குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடு. முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம். எங்களுக்குக் கார் இல்லாததால் அந்த இடம் எனக்கு.

கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போனபோதுதான் நாற்றுக் கடையில் இந்தப் பூவைப் பார்த்தேன். வெள்ளைக்காரத் துரைசானிபோல் தனியாக ஒரு மேசையில் வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு கிழங்கைக் கையில் எடுத்தேன். கடைக்காரச் சீனர் நான் எந்த ஊர் என்று கேட்டார். மலாக்கா என்றதும் கையை ஆட்டி, அங்கே வெயில், செத்துப்போகும், வேறு வாங்கு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு கிழங்கு வாங்கினேன். எனக்கு ஒன்று ஆகாது என்று யாராவது முடிவு கட்டிச் சொன்னால் பொறுக்காது.

அவர் சொன்னதுபோல்தான் ஆயிற்று. முதல் கிழங்கு இலை விட்டது, பத்து நாள் தலை நிமிர்ந்தது, பிறகு அடியில் குழகுழவென்று அழுகி நாற்றமெடுத்தது. இரண்டாவதும் அப்படியே. பெரிய நாத்தனார் ரெம்பியாவிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏன் சாந்தா, கெலாடிய போயா காசு குடுத்து வாங்கிட்டு வந்தே? தோட்டத்துல சொல்லியிருந்தா மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன்லா."

கெலாடி என்றால் இங்கே சேம்பு. அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. லில்லி என்பது பெயரில்தான். இந்தச் செடி சேம்புக்குத்தான் சொந்தம். இலை உடைந்தால் வடிகிற பால் கையில் பட்டால் அதே அரிப்பு. வெள்ளைப் புனல்போல் இருப்பதும் பூ இல்லை, ஒற்றை மடல். நடுவில் நிற்கிற மஞ்சள் குச்சியில்தான் கண்ணுக்குத் தெரியாத பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் நாத்தனாருக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

வெயில் இலையைக் கொல்லவில்லை, மண்ணுக்குள் ஏறுகிற சூடுதான் கிழங்கை வேகவைக்கிறது என்று மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரரிடம் மீன் வருகிற வெள்ளை நுரைப் பெட்டிகள் இரண்டு கேட்டேன். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து மீன் வாடையை எடுத்தேன். பெட்டிக்குள் மண்தொட்டி, தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர். சாயங்காலம் லோரியில் மிஞ்சிய உடைசல் ஐஸைச் சாக்கில் கட்டி அவர் கொண்டுவருவார். அதைத் தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் போடுவேன். செடியின் கழுத்தில் மட்டும் படக் கூடாது, பட்டால் அங்கேயே அழுகும். காலையில் பெட்டியின் அடியில் இருக்கிற தக்கையைப் பிடுங்கி, பழைய தண்ணீர் முழுவதையும் வாழைக்கு விட்டுவிடுவேன். காலை வெயில் கொஞ்சம், பிறகு முழு நிழல். மஞ்சளான இலையைக் கத்தியால் வெட்டக் கூடாது, அடியில் பிடித்துத் திருகி இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். பூவையும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு நாள்கூட அந்தத் தண்ணீர் மறுநாள் மாலை வரை நின்றதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அநியாயம் முழுக்க இந்தத் தண்ணீரைப் பற்றித்தான்.

3

முதல் மொட்டு பச்சையாகச் சுருண்டு எழுந்தபோது வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அதன் முன்னால் போய் நிற்பார். "நம்ம ஐஸுலா" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டார். மடல் விரிந்த அன்று தாமானில் இருந்த தமிழ்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள்.

"வாசமே இல்லையேக்கா."

"இத எப்படிக் கட்டுறது? தண்டு வாழைத்தண்டு மாதிரி இருக்கு, நார்ல நிக்காதே."

"தலையிலயும் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. அப்புறம் எதுக்குக்கா?"

தலையில் வைக்க முடியாதது, மாலை கட்ட முடியாதது எல்லாம் நமக்குப் பூவே இல்லை. பார்ப்பதற்கென்று ஒரு பூ இருக்கக் கூடாதா? நான் என்ன, மல்லிகைக் கொடியைப் பிடுங்கிவிட்டா இதை வைத்தேன்? வருகிறவர்களுக்குக் காப்பியும் கொடுத்து இந்த விசாரணைக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

என் மகள் புவனா வந்து பார்க்கவே இல்லை. அவளுக்குப் பதினாறு வயது. மலாய் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுடைய அறை, அவளுடைய ரேடியோ. அவளுக்கும் ஒரு செடி இருந்தது. சிநேகிதி கொடுத்த மணி பிளாண்ட், ஆரஞ்சுச் சாற்றுப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தாள். தொடாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் தொடவில்லை.

என்னிடம் அவள் பேசுவது தமிழில், நாலு வார்த்தை. மற்ற எல்லாம் மலாயில். இந்த வீட்டில் எனக்கு மலாய் தெரியாது என்பது முடிந்துபோன விஷயம். வந்த புதிதில் பாசாரில் ஒருமுறை வாயைத் திறந்து மலாயில் மீன் விலை கேட்டேன். நான் கேட்ட விதத்தை நாத்தனார் ரெம்பியா லயம் முழுக்க நடித்துக் காட்டினார். ஒரு மாதம் போகிற இடமெல்லாம் அதே சிரிப்பு. அன்றோடு பேசுவதை நிறுத்தினேன். காது கேட்பதை யார் நிறுத்தினார்கள்? அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

4

டெங்கிக் காய்ச்சல் பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் அகப்பை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். புவனாவுக்குப் பள்ளி விடுமுறை, நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

நுரைப் பெட்டிகளைப் பார்த்ததுமே டார்ச்சுக்காரர் முகம் மலர்ந்தது. அகப்பையால் ஒரு பெட்டியில் துழாவினார். ஒன்றுமில்லை. அடுத்ததில் துழாவினார். அங்கும் இல்லை. எப்படி இருக்கும்? அப்போதுதான் பழைய தண்ணீரை வாழைக்கு விட்டு, புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். விட்டாரா? பூவின் மடலைச் சாய்த்து அதற்குள் டார்ச் அடித்தார். முந்தின நாள் மழைத்தண்ணீர் அரைக் கரண்டி இருந்தது. அதையும் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். என் பூவுக்குள் கொசு தேடுகிற மனிதரைப் பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே போனார்கள். குளியலறை ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. எத்தனை நாள் தண்ணீரோ, அடியில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

இதை யார் வைத்தது என்று அவர் மலாயில் கேட்டார். புவனா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மாக் சாயா," என்றாள்.

என் அம்மா. இரண்டே சொல். அதோடு நிறுத்தினாளா என்றால் இல்லை. வெளியில் இருக்கிற செடிகளும் அம்மாவுடையதுதான், தண்ணீரில்தான் எப்போதும் எல்லாவற்றையும் வைப்பார், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை என்று மலாயில் அடுக்கினாள். நான் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் நோட்டீஸ் எழுதினார்கள். வீட்டில் புழு கண்டதற்கு விளக்கம் சொல்ல அலுவலகத்துக்கு வர வேண்டும். தண்ணீரில் வைத்த செடிகள் அனைத்தையும் அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். அனைத்தையும் என்றால் என் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து. அப்போது அடுத்த மொட்டு விரல் நீளத்துக்கு வந்திருந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் படித்துப் பார்த்தார். "அபராதம் போட்டாக் கட்டிட்டு வந்துருவோம். பெட்டிய தூக்கிப் போட்டுரு சாந்தா. சிவப்பு ஐசி வெச்சிக்கிட்டு ஆபீசர்கிட்ட வாய் குடுக்காதலா. நாளைக்கு ஐசி மாத்த போறப்ப அதயே புடிச்சிக்குவாங்க."

"புழு இருந்தது என் பெட்டியில இல்லீங்க. பாட்டில்ல."

"ரெண்டும் செடிதானே. யாரு வெச்சா என்னா?"

யார் வைத்தால் என்னவா? நான் புவனாவைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சரி, இப்போது அப்பா முன்னால் பயம், நாளைக்குச் சொல்வாள் என்று விட்டேன். மறுநாள் சொல்லவில்லை. பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டாள், அதைப் பற்றிப் பேச்சில்லை. நான் சோறு போட்டுக்கொண்டே காத்திருந்தேன், துணி மடித்துக்கொண்டே காத்திருந்தேன். ஒரு வாரம் அப்படியே போயிற்று. செடி போனால் இன்னொரு கிழங்கு வாங்கலாம். நான் பெற்ற பெண், எனக்கு வாயில்லை என்ற தைரியத்தில் என் தலையில் ஒன்றைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பெட்டிகளை நான் தூக்கிப் போடவில்லை. ஐஸும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் கொண்டுவந்தார்.

5

அலுவலகத்துக்கு வர வீட்டுக்காரரால் லீவு போட முடியவில்லை. எனக்கு மொழிபெயர்க்கப் புவனா வந்தாள். பள்ளிச் சீருடையிலேயே வந்தாள். ஒரு கவுண்டரில் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கூப்பிட்ட கவுண்டரில், இது இங்கே இல்லை, மாடிக்குப் போ என்றார்கள். மாடியில் ஆள் தேநீர் குடிக்கப் போயிருந்தார். மறுபடி கீழே அனுப்பினார்கள். இப்படி ஏறி இறங்கியதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று.

கடைசியில் ஓர் அம்மாள் முன்னால் உட்கார்ந்தோம். தலைத்துணி கட்டிய நடுத்தர வயதுப் பெண், நல்ல முகம். என்ன விஷயம் என்று கேட்டார். நான் புவனாவிடம் தமிழில் சொன்னேன்.

"சொல்லு. எங்க அம்மா தெனம் காலையில தண்ணிய மாத்துறாங்க. பெட்டியில புழு இல்லன்னு உங்க ஆளுங்களே பார்த்தாங்க. பெட்டிய எடுக்கச் சொன்னது தப்பு. அப்படிச் சொல்லு."

புவனா மலாயில் சொன்னாள்: மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா இந்தியாவிலிருந்து வந்தவர். இங்குள்ள சட்டம் தெரியாது, மலாய் புரியாது. எல்லாவற்றையும் எறிந்துவிடுவார். இனிமேல் செய்யமாட்டார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு இரக்கம். "கெசியான்," என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம்.

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. அந்தப் பாவம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பார்த்து, ஒன்றும் புரியாதவள் என்று ஒரு பெண் சொல்கிறாள், இன்னொரு பெண் இரக்கப்படுகிறாள். சொன்னவள் என் வயிற்றில் பிறந்தவள்.

"சாயா ஃபாஹாம்," என்றேன்.

எனக்குப் புரியும். பதினெட்டு வருடத்தில் அரசாங்க மேசை ஒன்றின் முன்னால் நானாகப் பேசிய முதல் பேச்சு அது. என் மலாய் பாசார் மலாய்தான், இலக்கணம் கிடையாது. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டில் என்னுடையது இல்லை, என் மகளுடையது. என் தண்ணீரைத் தினமும் கொட்டுகிறேன். உங்கள் ஆட்கள் என் பெட்டியில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பூவுக்குள்கூடத் தேடினார்கள். இவ்வளவையும் சொன்னேன்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். புவனாவிடம் திரும்பி, உன் அம்மா சொல்வது உண்மையா என்று கேட்டார். புவனா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். அதற்குமேல் அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், அன்று எங்கள் வீட்டுக்கு வந்த ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தார். பெட்டியில் புழு இல்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார். நோட்டீஸில் என் செடிகளைப் பற்றிய வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். பாட்டிலுக்கு எச்சரிக்கை மட்டும். புறப்படும்போது அது என்ன பூ என்று என்னையே பார்த்துக் கேட்டார். நானே சொன்னேன், மலாயில்.

6

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புவனா என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்றும் எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பஸ் பாதி வழி வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எப்போ இருந்துமா?"

"எது?"

"மலாய்."

"நீ ஒண்ணாம் வகுப்பு படிச்சப்போ. சத்தம் போட்டுப் படிப்பியே, பக்கத்துல உக்காந்திருந்தேன்லா. நீதான் சொல்லிக் குடுத்தே."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை, பயம் இருந்தது. அப்போது எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்த தொலைபேசி அடித்தபோதுதான் விளங்கியது.

அவள் சிநேகிதியோடு தினமும் அந்தத் தொலைபேசியில்தான் பேசுவாள். கூடத்தில் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மலாயில் ஒரு மணி நேரம் பேசுவாள். எந்தப் பாடத்தில் பயம், எந்த வாத்தியார் அவளை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினார், எந்தப் பையன் திரும்பிப் பார்த்தான், அவன் பிறகு ஏன் பார்ப்பதை நிறுத்தினான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றியும் பேசுவாள். அம்மா மேல் எப்போதும் எண்ணெய் வாசம், பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மானம் போகும் என்று ஒருநாள் சொன்னாள். அன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனாலும் அவள் அழுதுகொண்டு பேசிய நாள்களில் அவளுக்குப் பிடித்த இறால் சம்பாலைச் சமைத்து வைப்பேன். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டதில்லை. அம்மா என்றால் அப்படித்தான் என்று நினைத்திருப்பாள்.

அந்த அலுவலகத்தில் நான் செய்தது சரிதான். இன்றைக்கே அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்வேன். என்னைப் பாவம் என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கமாட்டேன், என் மகளுக்கும்தான். இப்போது வங்கியிலும் கிளினிக்கிலும் நானே பேசுகிறேன். நாத்தனார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பூவைப் பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள், கேமரன் மலைச் சீனரிடம் ஒரு நாள் போய்க் காட்ட வேண்டும் என்றும் நினைத்திருக்கிறேன்.

தொலைபேசி அடித்தால் புவனா இப்போது அதன் வயரை இழுத்துக்கொண்டு தன் அறைக்குள் போகிறாள். கதவைச் சாத்துகிறாள். உள்ளே குரல் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. போன வாரம் இரண்டு நாள் அவள் கண் வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன், தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை. ஒன்றுமில்லை என்றாள். இறால் சம்பால் வைத்தேன். அதைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.